மூடிய கைக்குள் சிவப்பு

அவருடைய கட்டைவிரல் நகம்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. வலது கையில் அந்த ஒரு நகத்தை மட்டும் வளர விட்டிருந்தார். ஓரத்தில் மண் ஏறிக் கறுத்திருக்கும். எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் அந்த நகம் அதற்குள் போய்விடும். பீன்ஸை நடுவில் பிளந்துவிடும். மிளகுக் கொத்தில் ஒரு மணியை நசுக்கிப் பார்க்கும். கொதிக்கும் உலையை மூடி வைத்துவிட்டு அவரால் நகர முடியாது. திறந்து, ஒரு பருக்கையை எடுத்து, நகத்தால் அழுத்திப் பார்ப்பார். சோறு வேகும் முன் நான்கைந்து பருக்கைகளாவது அவர் விரலில் ஒட்டிக் காய்ந்திருக்கும்.

பஸ் நிற்கும் இடத்தில் இருந்த காய்கறிக் கடைக்காரர் அவரைப் பார்த்ததும் கூடையை உள்ளே இழுத்துக்கொள்வார். "ஏனுங்கக்கா, காய் வாங்க வந்தீங்களா, போஸ்ட்மார்ட்டம் பண்ண வந்தீங்களா?" என்று ஒருநாள் என் எதிரிலேயே கேட்டார். அக்கா கோபப்படவில்லை. பிளந்த கத்தரிக்காயைத் தன் பையிலேயே போட்டுக்கொண்டு, உள்ளே எப்படி இருக்கிறதென்று பார்க்காமல் எதை நம்பி வீட்டுக்குக் கொண்டுபோவது என்று கேட்டார். கடைக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். அப்போது அதைச் சிரிப்புக்குரிய விஷயமாகத்தான் நினைத்தேன்.

என் கணவருக்கு மின்சார அலுவலகத்தில் வேலை. மாற்றலாகிக் கொல்லிமலைக்குப் போனபோது எங்கள் மகளுக்குச் சில மாதங்கள்தான். தேதிக்கு முன்பே பிறந்தவள். எடை ஏறவே ஏறாது. அங்கன்வாடித் தராசில் அவளை வைக்கும் ஒவ்வொரு முறையும் எனக்குத்தான் வியர்க்கும். தேவனூர் நாடு என்று சொல்லும் பகுதியில் ஒரு மேட்டில் வீடு கிடைத்தது. பின்னால் முள்கம்பி வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் அவர்களுடைய காடு: கொஞ்சம் மரவள்ளிக் குச்சிக்கிழங்கு, சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகு, எங்கள் வேலியை ஒட்டி ஒரு நீள வரிசையாகத் தட்டப்பயிறு என்கிற காராமணி. கணவனும் மனைவியும் மட்டும்தான். அந்த நகத்துக்காரர்தான் மனைவி; ஐம்பது வயதிருக்கலாம். நான் அக்கா என்றேன். அவர் என்னைக் கண்ணு என்பார். குழந்தையைச் சாமி என்பார்.

முதல் நாளே எனக்கு அவர்மேல் வருத்தம் வந்தது. குளிர் தாங்காதே என்று மகளுக்கு இரண்டு ஸ்வெட்டர், தலைக்கு ஒரு குல்லாய், அதற்கு மேல் போர்வை. அவர் வேலி ஓரம் வந்து நின்று பார்த்தார். அனுமதி எதுவும் கேட்காமல் கம்பிக்கு மேலே கையை நீட்டிப் போர்வையை விலக்கினார். குல்லாயைக் கழற்றினார். "காத்து வுடுங்க கண்ணு. புள்ளை அவிஞ்சு போயிரும்" என்றார். புத்தகத்தில் படித்து, டாக்டரிடம் கேட்டு, எல்லாம் சரியாகச் செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு அது பிடிக்கவில்லை. அவர் போனதும் மறுபடியும் போர்த்தினேன். பிறகு, அவர் சொன்னது சரியோ என்று போர்வையை மட்டும் எடுத்தேன். பிறகு மறுபடியும் போர்த்தினேன். அன்று முழுக்க அதையே செய்துகொண்டிருந்தேன்.

அவிந்து போவதைப் பற்றி அவருக்கு ஒரு கதை உண்டு. வேளாண்மை அலுவலகத்தில் பயறு விதையோடு ஒரு பாக்கெட் கொடுத்தார்களாம். உள்ளே கறுப்பாக மாவு. அதைக் கஞ்சியில் கரைத்து விதையோடு பிசறி, நிழலில் உலர்த்தி விதைக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். இவர் அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு கஞ்சியை ஊற்றிக் கலக்கிவிட்டார். முளைத்த பயிர் மஞ்சளாக வெளிறி நின்றது. பார்க்க வந்த அலுவலர் ஒரு செடியைப் பிடுங்கி வேரைக் காட்டினார். வெறும் வேர். ஒரு முடிச்சுகூட இல்லை. எல்லாம் வெந்து செத்துவிட்டதம்மா என்றாராம். பக்கத்துக் காட்டிலிருந்து இன்னொரு செடியைக் கொண்டுவந்து, அதன் வேரில் இருந்த முடிச்சைப் பிளந்து, உள்ளே சிவப்பாக இருந்தால் உயிரோடு வேலை செய்கிறது என்று அர்த்தம் என்று காட்டிவிட்டுப் போனார்.

"பாக்கெட்டுக்குள்ள உசுரு இருக்குதுன்னு யாரும் எனக்குச் சொல்லலீங்க கண்ணு" என்று முடிப்பார். இந்தக் கதையை எப்போது சொன்னாலும் அந்த வரியில்தான் முடிப்பார். அடுத்த வருடத்திலிருந்து கஞ்சியை ஆற வைத்து, முழங்கைக்கு உள்பக்கம் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துத்தான் கலந்தார். குழந்தைக்குப் பால் கொடுக்கும் முன் நான் செய்வதும் அதேதான்.

ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில் முதன்முதலாக எனக்காக ஒரு செடியைப் பிடுங்கினார். அங்கன்வாடிக்குப் போய்த் திரும்பியிருந்தேன். எடை அப்படியே நின்றிருந்தது. வேலி ஓரம் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற என் முகத்தைப் பார்த்திருப்பார். வரிசையின் முனையில் குனிந்து, தண்டின் அடியில் விரல்களை விட்டு மண்ணைத் தளர்த்தி, வேர் அறாமல் ஒரு தட்டப்பயிறுச் செடியைத் தூக்கினார். வேரில் மணிமணியாக முடிச்சுகள். ஒன்றைக் கிள்ளி நகத்தால் பிளந்தார். வெட்டிய பச்சை இறைச்சிபோல் சிவப்பு. அவருடைய நகத்திலும் அது ஒட்டியது.

"மேல பாத்தா மண்ணுருண்டைங்க. உள்ள பாருங்க, எப்படி இருக்குதுன்னு" என்றார்.

நான் தாவரவியல் படித்தவள். பி.எட். முடித்து ஒரு வருடம் பள்ளியில் பாடமும் எடுத்திருக்கிறேன். வேர் முடிச்சுப் படத்தைக் கரும்பலகையில் எத்தனையோ முறை வரைந்திருக்கிறேன். ஆனால் ஒன்றைப் பிளந்து பார்த்ததில்லை. அந்தப் பதற்றத்தில் எனக்குத் தெரிந்ததையெல்லாம் கொட்டினேன். வேர் மண்ணுக்குள் ஏதோ ஒன்றைக் கசிய விடுகிறது. அது தெரிந்து, அந்தப் பாக்கெட்டில் இருந்தவை போன்ற நுண்ணுயிர்கள் வருகின்றன. வேரின் சின்ன முடி ஒன்று குடையின் பிடிபோல் வளைந்து அவற்றைப் பிடித்துக்கொள்கிறது. பிறகு உள்ளே வழி விட்டு, அவற்றுக்கென்று ஓர் அறை கட்டுகிறது. செடி சர்க்கரை கொடுக்கிறது. அவை காற்றிலிருந்து சத்தை எடுத்துச் செடிக்குக் கொடுக்கின்றன. ஆனால் அந்த அறைக்குள் காற்று அதிகம் போனால் அவற்றின் வேலை நின்றுவிடும். போகவே இல்லையென்றால் மூச்சு முட்டிவிடும். அளந்து கொடுப்பதற்காகத்தான் அந்தச் சிவப்பு. நம் ரத்தத்தில் இருக்கும் சிவப்புக்கு அது உறவு.

அவர் கையிலிருந்த பிளந்த முடிச்சைப் பார்த்தார். "ரத்தமுங்களா?"

"ரத்தம் மாதிரிங்க."

"அப்ப வலிக்குமா?"

வலிக்காது என்றேன். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. நகத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டே, "அளந்து குடுக்கறது செடிக்குத் தெரியுதுங்க கண்ணு. நமக்குத்தான் தெரியறதில்லை" என்றார்.

அதன் பிறகு அது எப்படித் தினசரி வழக்கமானது என்று யோசித்துப் பார்க்கிறேன். அவர்தான் தொடங்கினார் என்று நினைத்திருந்தேன். இல்லை, நான்தான். அடுத்த நாள் சாயங்காலம் அவர் வேலை முடிந்து வேலி ஓரமாகப் போனபோது, "இன்னைக்குங்க அக்கா?" என்று கேட்டேன். எதை என்று அவர் கேட்கவில்லை. குனிந்து ஒரு செடியைப் பிடுங்கினார். அந்த நேரத்தில் மலையில் வெளிச்சம் போய்விடும். மூடுபனி மிளகுக் கொடிகளுக்குள்ளிருந்து இறங்கி வரும். அவர் முடிச்சைக் கிள்ளிப் பிளந்து, முகத்துக்கு அருகில் வைத்துப் பார்த்து, கையை மூடிக்கொண்டு, "செவப்புங்க கண்ணு" என்பார். அவ்வளவுதான். நான் உள்ளே வந்து மகளுக்குப் பால் கொடுப்பேன். அன்றைக்கு அவள் கொஞ்சம் அதிகம் குடித்ததுபோல் இருக்கும்.

இது குழந்தையைப் பற்றியது என்று நாங்கள் இருவரும் ஒருமுறைகூடச் சொல்லிக்கொள்ளவில்லை. என் கணவர் சொன்னார். பாட்டனி படித்தவள் வேரில் ஜோசியம் பார்க்கிறாள் என்று அலுவலகத்தில் போய்ச் சொல்லப்போவதாகக் கிண்டல் செய்தார். அக்காவின் வீட்டுக்காரருக்கும் கவலை, ஆனால் அது பயிரைப் பற்றியது. பேளுக்குறிச்சிச் சந்தைக்கு இந்த வருடம் பயறு கொண்டுபோக முடியாது, வேர்தான் கொண்டுபோக முடியும் என்பார். பார்ப்பதற்காகப் பிடுங்கிய செடியை மறுபடியும் நட முடியாது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். வரிசையின் முனை தேய்ந்து வந்தது. ஒவ்வொரு நாளும் சிவப்பு என்ற ஒரு சொல்லுக்காக ஒரு செடி செத்தது. எனக்கு அது உறுத்தியது. ஆனாலும் மறுநாள் கேட்டேன்.

அவருக்கு ஒரு பெண் குழந்தை இருந்தது என்பதை இடையில் ஒருநாள் சொன்னார். கதையாகச் சொல்லவில்லை. என் மகளின் சட்டைப் பொத்தானைத் தளர்த்திக்கொண்டே சொன்னார். மார்கழிக் குளிரில் காய்ச்சல். "குளிருமேன்னு போத்திப் போத்தி வெச்சேன். பாக்கறவங்க எல்லாம் நல்லாத்தான் தூங்குதுன்னாங்க. வெளிய பாத்தா நல்லாத்தான் இருந்துச்சுங்க. புள்ளையக் கிள்ளித் தொறந்து பாக்க முடியுமா?" பொத்தான் தளர்ந்ததும் குழந்தையின் நெஞ்சில் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அன்று முழுவதும் நான் மகளைத் தூங்க விடவில்லை. கண் மூடினால் தட்டி எழுப்பினேன்.

கார்த்திகையில் பூ உதிர்ந்து காய் நீண்டது. அங்கிருந்துதான் எனக்கு வேறொரு நடுக்கம் தொடங்கியது. காய் பிடித்துவிட்டால் செடி தன் உணவையெல்லாம் விதைக்கு அனுப்பிவிடும். முடிச்சுக்குக் கொடுப்பதை நிறுத்திவிடும். உள்ளே சிவப்பு போய்ப் பச்சையாகும், பிறகு பழுப்பாகும், கடைசியில் வெறும் கூடு. எந்தத் தவறும் இல்லை, வயதாவதைப் போலத்தான். இது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும், இத்தனை வருடமாகப் பிளந்து பார்ப்பவர். ஆனால் சாயங்காலம் வேலி ஓரம் வந்து கையை மூடிக்கொண்டு அவர் சிவப்பு என்றே சொல்லிக்கொண்டிருந்தார். காய் முற்றத் தொடங்கிய பிறகும் சிவப்பு. நான் கேட்டிருக்கலாம். பகலில் நானே ஒன்றைப் பிடுங்கிப் பார்த்திருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை.

அந்த நாள் காலையிலிருந்து மகளுக்குச் சளி. மதியத்துக்கு மேல் பால் குடிக்கவில்லை. மூச்சு இழுக்கும்போது விலா எலும்புகளுக்கு இடையில் தோல் உள்ளே குழிவதுபோல் இருந்தது. குழிகிறதா, அவள் மெலிவாக இருப்பதால் அப்படித் தெரிகிறதா? கணவர் எங்கோ கம்பி அறுந்த இடத்துக்குப் போயிருந்தார்; போன் கிடைக்கவில்லை. முன்பும் இப்படிப் பயந்து, அத்தனை கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி மருத்துவமனைக்கு ஓடி, ஒன்றுமில்லை என்று திரும்பி வந்திருக்கிறேன். வழி முழுவதும் அவள் வாந்தி எடுத்தாள். இப்போது போவதா, விடியட்டும் என்று இருப்பதா? கடைசி பஸ் மேலே போய்த் திரும்பி வரும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. நான் பின்வாசலில் நின்று அவருக்காகக் காத்திருந்தேன்.

வந்தார். கேட்டேன். பிடுங்கினார், பிளந்தார், முகத்தருகே வைத்துப் பார்த்தார், கையை மூடினார்.

"செவப்புங்க கண்ணு."

"கையத் தொறங்க அக்கா" என்றேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. போனில் விளக்கைப் போட்டு வேலிக்கு மேலே நீட்டினேன்.

அவர் மெதுவாகக் கையைத் திறந்தார். பாசி படிந்த பச்சை. நடுவில் காய்ந்து பொரிந்திருந்தது. வெளிச்சம் நேராக அதன்மேல் விழுந்தது. அவர் அதைப் பார்த்தார். அவர் பார்ப்பதை நானும் பார்த்தேன்.

"செவப்புதானுங்க" என்றார்.

தாவரவியல் படித்த நான், "ஆமாங்க, செவப்புதான்" என்றேன்.

அவர் அதைக் கீழே போட்டார். அதுவரை எங்கள் வீட்டு வாசல்படியைத் தாண்டாதவர், சுற்றிக்கொண்டு முன்வாசல் வழியாக வீட்டுக்குள் வந்தார். மகளின் போர்வையை உருவி எறிந்தார். சட்டையைத் தூக்கி விலாவைப் பார்த்தார். நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார். "அது கெடக்குது. பஸ்ஸு திரும்புது, கெளம்புங்க" என்றார். நான் அப்படியே நின்றேன். என் செருப்பை எடுத்து வந்து என் காலடியில் வைத்தார். சன்னல் ஓரம் உட்காரச் சொன்னார்; போர்த்தக் கூடாது என்றார். எனக்கு முன்னால் ஓடி, மூடுபனிக்குள் சாலையின் நடுவில் கை இரண்டையும் விரித்து நின்று பஸ்ஸை நிறுத்தினார். டிரைவர் கத்தினார். அவர் நகரவில்லை, நான் படியேறி உட்காரும் வரை. வளைவில் திரும்பும்போது பார்த்தேன். அதே இடத்தில் நின்றிருந்தார். பனி அவரை மூடியது.

கீழே போனதும் மகளை உடனே சேர்த்துக்கொண்டார்கள். சின்ன முகத்தில் பெரிய முகமூடியை வைத்துக் காற்று கொடுத்தார்கள். எவ்வளவு என்று ஒரு குமிழைத் திருகித் திருகி அளந்து கொடுத்தார்கள். அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நேரத்துக்கு வந்துவிட்டீர்கள் என்று டாக்டர் சொன்னபோதும் என் கண் அந்தக் குமிழிலேயே இருந்தது.

தேறிய மகளோடு நாங்கள் மலைக்குத் திரும்பியது ஒரு நண்பகல். பின்வாசலைத் திறந்தேன். தட்டப்பயிறு வரிசை இல்லை. முனையிலிருந்து முனைவரை எல்லாச் செடிகளும் பிடுங்கப்பட்டு, வேர் மேலே தெரிய, வேலி நெடுக அடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு வேரிலும் ஒவ்வொரு முடிச்சும் பிளக்கப்பட்டிருந்தது. நகத்தால்.

அவருடைய வீட்டுக்காரர் நடுவில் குந்தி உட்கார்ந்து, பிடுங்கிய செடிகளிலிருந்து முற்றாத காய்களைப் பறித்துக்கொண்டிருந்தார். என் இடுப்பில் இருந்த குழந்தையைப் பார்த்ததும் கையிலிருந்ததைக் கீழே வைத்தார்.

"நீங்க பஸ் ஏறினதும் அம்மணி, அவ ஆரம்பிச்சா. ஒண்ணாவது இருக்கும், ஒண்ணாவது இருக்கும்னு சொல்லிச் சொல்லிப் புடுங்கினா. நான் தடுக்கலீங்க." கீழே வைத்த காயை மறுபடியும் எடுத்தார். "எங்க புள்ளைக்கு முடியாதப்பவும் கீழ போலாம்னுதான் சொன்னா. பொழுது விடியட்டும்னு நாந்தான் தடுத்தேன்."

ஒன்றாவது கிடைத்ததா என்று கேட்டேன். தன்னிடம் சொல்லவில்லை என்றார். அந்த வேர்களை நான் ஒவ்வொன்றாகப் பார்த்திருக்கலாம். பார்த்திருக்க வேண்டுமோ என்று இன்றும் தோன்றுகிறது. அப்போது மகளை எடுத்துக்கொண்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினேன்.

அவர் ஒரு வாரம் கழித்து வேலி ஓரம் வந்தார். அந்த நகம் அடியோடு பிய்ந்து, விரலில் துணி சுற்றியிருந்தது. மகளின் ஸ்வெட்டரைக் கழற்றி என் தோளில் போட்டார். இன்னைக்கு என்று நான் கேட்கவில்லை. அதன் பிறகு கேட்கவே இல்லை. கேட்பதற்கு அங்கே செடியும் இல்லை.

மறு வருடம் எங்களுக்குச் சமவெளிக்கு மாற்றல் வந்தது. போன மழைக்காலத்தில் அவருடைய வீட்டுக்காரர் போன் செய்தார். "அம்மணி, அவங்க போயிட்டாங்க" என்றார், மனைவியை அப்படி மரியாதையாக அவர் சொல்லி நான் கேட்டதில்லை. தூக்கத்திலேயே போயிருக்கிறார். பக்கத்தில் படுத்திருந்தும் தனக்குத் தெரியவில்லை, நன்றாகத்தான் தூங்குகிறாள் என்று நினைத்துவிட்டதாகச் சொன்னார். இந்த வருடம் பயறு விதைக்கவில்லை, ஆனால் உதிர்ந்த விதையில் வேலி ஓரம் தானாக முளைத்திருக்கிறது, பிடுங்க ஆளில்லாமல் காய்த்துக் கிடக்கிறது என்றார். கொஞ்சம் விதை வேண்டும் என்றேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. கீழே வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். புடைக்காத விதை, மலை மண்ணும் கலந்திருந்தது. அந்த மண்ணையும் கொட்டாமல் மொட்டை மாடியில் இரண்டு பைகளில் விதைத்தேன்.

மகளுக்கு இப்போது நான்கு வயது. நன்றாக இருக்கிறாள். எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

நேற்று சாயங்காலம் அவளுக்கு இருமல். சாதாரண இருமல்தான். மாடியில் துணி எடுக்கப் போனபோது என்னோடு வந்தாள். படியேறியதில் கொஞ்சம் மூச்சு வாங்கினாள். பைகளில் தட்டப்பயிறு காய் பிடித்து முற்றத் தொடங்கியிருந்தது. துணியைக் கொடியிலேயே விட்டுவிட்டு நான் குனிந்திருந்தேன். தண்டின் அடியில் என் விரல்கள் மண்ணைத் தளர்த்திக்கொண்டிருந்தன. வேர் அறாமல் வந்தது. மணிகள் இருந்தன. ஒன்றைக் கிள்ளிப் பிளந்தேன். முகத்துக்கு அருகில் கொண்டுபோனேன். இருட்டிவிட்டிருந்தது. மாடி விளக்கின் சுவிட்ச் கை எட்டும் தூரத்தில்தான் இருந்தது.

"உள்ள என்னம்மா இருக்குது?"

கையை மூடினேன். "செவப்பா இருக்குது கண்ணு."

"காட்டு."

நான் காட்டவில்லை. கையில் இருந்ததைப் பைக்குள் உதிர்த்துவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினேன். அவளுடைய ஸ்வெட்டரைக் கழற்றினேன். அவள் சட்டையைத் தூக்கி, நெஞ்சில் காதை வைத்துக் கேட்டேன். டாக்டர் இருக்கும் நேரம்தான். எங்கே கிளம்புகிறாய் என்று கணவர் கேட்டார். மகளின் செருப்பை எடுத்து வந்து அவள் காலடியில் வைத்தேன்.